இருபத்து நான்கு முயல்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், சோதனைக்காகப் பிராணிகளை வளர்க்கும் கூடம் இருந்தது. அங்கே பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பெண்மணியை எல்லோரும் முயலக்கா என்றுதான் கூப்பிட்டோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை அந்தப் பெயரை வாசிக்கும்போது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒரு நொடி சும்மா நிற்பார்.

நான் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எலும்பு அறுக்கிற வேலையில் இருந்தேன். எலும்பை அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்து, அதன் சுண்ணாம்புச் சத்து இறங்கியதும் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அக்கா கீழே வளர்ப்பார், நான் மேலே சீவுவேன். எங்கள் பழக்கம் அப்படி வந்ததுதான். நல்ல பழக்கம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஆனாலும் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்துதான் டீ குடிப்போம்.

அக்கா கண்டிப்பானவர். கூண்டில் ஈரம் இருந்தால் அது எந்தப் பெரிய டாக்டரின் முயலாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டு நிற்கவைத்துத் திட்டுவார். முயல்களிடம் மட்டும் வேறு குரலில் பேசுவார். "என்னப்பா, தண்ணியெல்லாம் கொட்டி வச்சிருக்க, உன் மாமியாரா வந்து துடைப்பா?" என்று கேட்டுக்கொண்டே துடைப்பார்.

ஒரு வருடம் எலும்பு டாக்டர் ஒருவர் இருபத்து நான்கு முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். அப்போது அவருக்குத் தலைமுடி நிறைய இருந்தது. ஒவ்வொரு முயலுக்கும் முன்னங்காலில் ஒரு கட்டைவிரல் நக அளவு எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைக் குழலை வைத்தார். அது தேனடை போலத் துளைகள் நிறைந்த, செயற்கையாகச் செய்த பொருள். வீடு கட்டும்போது சாரம் கட்டுவது போலத்தான், எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும், வளர வளரச் சாரம் உடம்புக்குள்ளேயே கரைந்து போய்விடும், கழற்றி எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் எங்களுக்குப் படம் போட்டு விளக்கினார். எலும்பு வளர்வதும் சாரம் கரைவதும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும், அதுதான் சூட்சுமம் என்றார்.

நான்கு வாரம், எட்டு வாரம், பதினாறு வாரம் என்று கணக்கு வைத்து எட்டு எட்டாக முயல்களுக்கு ஊசி போட்டு உயிரை முடித்தார்கள். அந்த அறைக்கு முயலை வேறு யாரும் தூக்கிப் போக அக்கா விடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு தானே போவார், வெறும் கையோடு திரும்பி வந்து கூண்டைக் கழுவுவார். அன்றைக்கு டீ குடிக்க மேலே வரமாட்டார்.

அந்த இருபத்து நான்கில் இரண்டு முயல்களுக்குச் சீழ் பிடித்தது. பதினோராம் எண், பத்தொன்பதாம் எண். பதினோராம் எண் முயல் கூண்டின் மூலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வைத்த தீனியைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தது. முயல் கத்தாது. வலி தாங்காவிட்டால் பல்லை நறநறவென்று அரைக்கும். அக்காதான் முதலில் கேட்டுச் சொன்னார். டாக்டர் ஒளிக்கவில்லை. இருபத்து நான்கில் இரண்டு என்று கட்டுரையில் தெளிவாகவே எழுதினார். மீதி இருபத்திரண்டும் கூண்டுக்குள் ஓடின, குதித்தன. அவற்றில் ஒன்றின் சீவலை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்து அக்காவுக்குக் காட்டினேன். சாரம் இருந்த இடமெல்லாம் வெள்ளை ஓட்டைகளாகவும், சுற்றிலும் புது எலும்பு ரோஜா நிறத்திலும் தெரிந்தது. "நம்ம பிள்ளைங்க வேலைதானா இது?" என்று கேட்டு நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நான் காட்டியது நல்ல சீவல். பதினோராம் எண்ணின் சீவலும் அதே பெட்டியில்தான் இருந்தது, அதைக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் கழித்துத்தான் அக்காவின் வீட்டுக்காரருக்கு விபத்து.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒல்லியான, வாய் ஓயாத மனிதர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். எங்கள் கட்டட லிஃப்டைப் பார்த்து, "இதுக்கு ஆஸ்துமா. ஆஸ்பத்திரியிலேயே இருந்துக்கிட்டு யாரும் பார்க்கலியா?" என்று ஒரு தடவை கேட்டார். ஒருநாள் ஒரு லிஃப்டின் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். மேலே இருந்த கூட்டாளி, இவர் குழியிலிருந்து ஏறிவிட்டார் என்று நினைத்து லிஃப்டை ஓட்டிப் பார்த்தபோது, எதிர்ப் பக்கம் இறங்குகிற இரும்புப் பாரம் அவர் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் நான்கு விரல் நீளத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தூளாகப் போயிருந்தது.

ஒரு வருடம் காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டி, கம்பிகளைத் தோல் வழியே எலும்புக்குள் செலுத்தி வைத்திருந்தார்கள். இடுப்பு எலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அது ஒட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விட்டது. வீடு இரண்டாம் மாடியில். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அவர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். பள்ளிக்கூடம் போகும் மகள், அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்குவாள். ஏறி இறங்குவதற்கு வழி செய்து கொடுத்தே பிழைத்த மனிதருக்கு இந்தக் கதி.

ஒருநாள் காயத்துக்குக் கட்டு மாற்றும்போது அவர் அக்காவிடம், காலை எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன் என்றார். கோபமாகவோ அழுதோ சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னார். பொய்க்கால் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் நடக்கிறவர்களைத் தெரியும், குழிக்குள் இறங்க முடியாவிட்டாலும் மேலே மோட்டார் அறையில் வேலை செய்யலாம் என்றார்.

"தேறாத பாகத்த கழட்டிட்டு வேற மாட்டணும். வச்சிக்கிட்டு இழுத்துக்கிட்டே இருந்தா மத்ததும் கெட்டுப்போகும்."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் என்னிடம் வந்து, "நல்லா இருக்கிற மனுஷன், தன் காலை ஏதோ பழைய சாமான் மாதிரி பேசுறாரு தம்பி" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த எலும்பு டாக்டர், இப்போது துறைத் தலைவர், அதே சாரத்தை மனிதர்களுக்கு வைக்கத் தொடங்கியிருந்தார். இடையில் வேறொரு இடத்தில் ஆடுகளுக்கு வைத்துப் பார்த்திருந்தார்கள். மனிதர்களில் எட்டுப் பேருக்கு முடிந்திருந்தது. லிஃப்ட்காரரின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஒரு வெள்ளைக் குழலை வைத்தார். முயலுக்கு வைத்தது சுண்டுவிரல் நுனி அளவு. இது ஒரு டார்ச்சுக்குள் போடும் பெரிய பேட்டரி அளவு. அக்காவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் கூடி வருகிறது, ஒருவருக்கு இன்னும் சொல்ல முடியவில்லை, ஒருவருக்குச் சீழ் பிடித்து எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். காலை எடுத்துவிடுவதும் தவறான முடிவு இல்லை, உங்கள் இஷ்டம் என்றார். பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

"லிஃப்ட்ல கயிறு மாத்தினாக்கூட நாங்க ஒரு கையெழுத்துதான் கேப்போம் சார்" என்றார் லிஃப்ட்காரர்.

வீட்டில் அவர் படிவத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு கட்டிலில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். இந்தப் பேச்சை அக்கா பின்னால் என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"காகிதத்துல யார் வேணா என்ன வேணா எழுதுவான். ஓடுறத கண்ணால பார்த்தவன் சொல்லணும். நீ பார்த்திருக்க. முயலுக்கெல்லாம் சரியாச்சா?"

"ஆச்சு."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்தாங்க. குதிச்சிக்கிட்டு திரிஞ்சுச்சுங்க."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் பதினோராம் எண் ஞாபகம் வரவில்லையா என்று நான் அக்காவிடம் கேட்டதில்லை. அவரே சொன்னார். வந்தது, வாசல்வரை வந்தது, கதவைச் சாத்திவிட்டேன் என்றார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. முதல் மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. எக்ஸ்ரேயில் அந்த வெற்றிடத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, குளிரில் வாயிலிருந்து வரும் ஆவி போல மங்கலாக ஏதோ தெரிந்தது. டாக்டர் பேனா முனையால் தொட்டு, இது எலும்பு என்றார். நான்காம் மாதம் லிஃப்ட்காரர் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு பாதி எடையைக் காலில் இறக்கி நின்றார். பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் பட்டறைக்குப் போய், காலைத் தட்டிக் காட்டி, "உள்ள பிளாஸ்டிக் இருக்கு, யாரும் பக்கத்துல பீடி பத்த வைக்காதீங்க" என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். தன்னை மேலிருந்து லிஃப்டை ஓட்டி நசுக்கிய அந்தக் கூட்டாளியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாராம். அக்கா அந்த மாதங்களில் கூடத்தில் பாடிக்கொண்டே வேலை செய்தார். ராகம் சேராது. ஆனாலும் கேட்கச் சுகமாக இருக்கும்.

ஆறாம் மாதத்தில் ஒரு விடுமுறை நாள் பிற்பகல். லிஃப்ட்காரர் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. ஏதோ ஒரு சத்தம் கேட்டது. முதலில் எலியோ என்று நினைத்தாராம். பிறகு புரிந்தது. அவர் பல்லை அரைத்துக்கொண்டிருந்தார். அக்கா போய்க் காலைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, லேசாகக் குத்துகிறது, நீ ஊரைக் கூட்டாதே என்றார். டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால், ரத்தப் பரிசோதனைக்கு முன்னால், அந்த அறையில் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மூன்று முறை திறந்து கழுவினார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றி ஏற்றி, ஊசி குத்த இடமில்லாமல் இரண்டு கையும் கறுத்துப் போயின. டாக்டர் தினமும் இரண்டு வேளை வந்து பார்த்தார், விடுமுறை நாளிலும் வந்தார். சாரத்தின் மேல்பாதி எலும்போடு எலும்பாகக் கூடிவிட்டது, கீழ்ப்பாதியில்தான் கிருமி, அதைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று போராடினார். சாரமோ தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து வளர வேண்டிய எலும்பு வளரவில்லை. பத்தாம் மாதம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது உள்ளே ஏதோ முறிந்தது. அவர் கத்தவில்லை. "போச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுக்க வேண்டியிருக்கும் என்றார். லிஃப்ட்காரர் தலையாட்டினார். டாக்டர் தயங்கிக்கொண்டு இன்னொன்றும் கேட்டார். எடுக்கிற பகுதியை எரித்துவிடாமல் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும், எங்கே தவறியது என்று தெரிந்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும், மறுத்தாலும் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றார்.

"எடுத்துக்குங்க சார். முயலையெல்லாம் கேட்டுட்டா எடுத்தீங்க? என்னைக் கேட்கவாவது செய்றீங்களே" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

டாக்டர் போனபிறகு அக்கா சொல்லிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில், அந்தக் காலின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"எல்லாத்துக்கும் சரியாகலைங்க. ரெண்டுக்கு இப்படித்தான் ஆச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே எடுத்துடலாம்னு சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க."

"அப்பவே எடுத்திருந்தா இந்நேரம் வேலைக்குப் போயிருப்பேன்."

"ஆமாங்க."

அதற்குமேல் அவர் பேசவில்லை. ஆபரேஷன் அன்றும் பேசவில்லை, அதற்கடுத்த நாட்களிலும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால் மகளைப் பார்ப்பார். மகளுக்குக் காரணம் தெரியாது. அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவள் தண்ணீரை அம்மா கையில் கொடுப்பாள், அம்மா அவரிடம் நீட்டுவார், அவர் வாங்கிக்கொள்வார். வாங்க மறுக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல் என்றார் அக்கா.

கால் என்னிடம் வந்தது. அதன்மேல் பெயர் இல்லை, ஒரு எண்தான் இருந்தது. ஆனால் யாருடையது என்று எனக்குத் தெரியும். எட்டு வாரம் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சீவினேன். கை நடுங்கினால் சீவல் கிழிந்துவிடும் என்பதால், காலையில் எதுவும் பேசுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து சீவினேன். மேல்பாதியில் புது எலும்பு அழகாக வளர்ந்திருந்தது. அவ்வளவு நல்ல எலும்பை நான் முயல்களில்கூடப் பார்த்ததில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெறும் ஓட்டைகளும் சீழ் அணுக்களும். டாக்டர் வந்து பார்த்தார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, துளைகளின் உட்சுவரில் கிருமி தங்க இடம் கொடுத்துவிட்டோம், பொருளோடு கிருமிகொல்லியைக் கலந்து செய்திருக்க வேண்டும் என்றார். அடுத்த வருடம் அப்படித்தான் செய்தார்கள். அந்தச் சோதனையில் சேர்ந்த இருபது பேரில் பதினாறு பேர் இன்றைக்குத் தங்கள் சொந்தக் காலில் நடக்கிறார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவிடம், சீவலைப் பார்க்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் டீ குடிக்க மேலே வருவது நின்றுபோயிற்று. சில வாரத்தில், கூடத்திலிருந்து தன்னை மாற்றிவிடும்படி எழுதிக் கொடுத்து, சலவைப் பிரிவுக்குப் போய்விட்டார். பத்தொன்பது வருடம் கழித்து ஏன் என்று மேலதிகாரி கேட்டதற்கு, முழங்கால் வலிக்கிறது, குனிந்து கூண்டு கழுவ முடியவில்லை என்றாராம். புதிதாக வந்தவருக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, எந்தக் கூண்டின் தாழ் ஒட்டிக்கொள்ளும், எந்தக் குழாயில் தண்ணீர் சூடாக வரும் என்பதையெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

லிஃப்ட்காரருக்கு மோட்டார் அறை வேலை கிடைக்கவில்லை. வெட்டிய இடம் ஆறித் தேறவே ஒரு வருடம் ஆகிவிட்டது. இவ்வளவு நாள் சீழ் ஓடியதில் தோலுக்கு வலுவில்லை, பொய்க்காலை இரண்டு மணி நேரத்துக்குமேல் மாட்டினால் புண்ணாகிவிடும். கம்பெனியில் போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். லிஃப்ட் நின்றுவிட்டது, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம், பயப்படாதீங்க, காத்து வரும், சுவத்துல சாய்ஞ்சு உட்காருங்க என்று நிதானமாகச் சொல்லுவார். அந்த வேலைக்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் பழைய வாய் இல்லை. போனில் பேசுவதோடு சரி. வீட்டையும் மாற்றிக்கொண்டார்கள். தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், பகலிலும் விளக்குப் போட வேண்டும். படி ஏற வேண்டியதில்லை, அது போதும்.

வேலை முடிந்து வந்ததும் பொய்க்காலைக் கழற்றிப் புண்ணைக் கழுவி மருந்து போடுவது அக்காதான். வேறு யாரையும் அவர் தொடவிடமாட்டார். அக்கா கழுவும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. உப்பு வேண்டும், மகளுக்குப் பரீட்சை எப்போது, மழை வருமா, இப்படி. அந்த விஷயம் மட்டும் வராது.

போன வருடம் ஒருநாள் சலவைப் பிரிவின் பின்வாசலில் அக்காவைப் பார்த்தேன். தலைமுடி பாதி வெளுத்திருந்தது. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முந்தாநாள் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார் என்றார்.

"'ரெண்டுன்னு நீ அன்னைக்கே சொல்லியிருந்தாலும், நான் அந்த இருபத்திரண்டைத்தான் எண்ணியிருப்பேன்'னு சொன்னாரு தம்பி."

நல்லதுதானே அக்கா என்றேன்.

"எண்ணியிருக்க மாட்டாரு. எனக்குத் தெரியாதா, முப்பது வருஷம் கூட இருக்கேன். ரெண்டுன்னு கேட்டிருந்தா அன்னைக்கே பேனாவ மூடியிருப்பாரு. எனக்காகச் சொல்றாரு."

உள்ளே இயந்திரம் நின்று மணி அடித்தது. அக்கா போய்க் கதவைத் திறந்து, ஆவி பறக்கும் வெள்ளைத் துணிகளை வண்டியில் வாரிப் போட ஆரம்பித்தார். துணி சூடாக இருந்ததால் கையை அவ்வப்போது உதறிக்கொண்டார். நான் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து நான்கு விரிப்புகளை மடித்து முடித்தோம்.